ஒஸ்தியாவில் சிந்திய கண்ணீர்

கி.பி. 387ஆம் ஆண்டு, உரோமாபுரியின் துறைமுகப் பட்டினமாகிய ஒஸ்தியாவில், ஆபிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த குடும்பமொன்றின் தாய் காய்ச்சலுற்று ஒன்பதாம் நாள் உயிர்நீத்தார். அவர் மோனிக்கா அம்மையார், வயது 56. அருகிருந்த மகன், பின்னாளிற் கிறித்தவ உலகம் பேராசானாகப் போற்றிய புனித அகுஸ்தீனார். அவ்வாண்டின் உயிர்ப்புப் பெருவிழாவிலேதான் அவர் மிலான் நகர ஆயர் அம்புரோசியாரிடம் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். மகன் மனந்திரும்ப வேண்டுமெனப் பல்லாண்டு அழுது மன்றாடிய தாய், அது நிறைவேறிய சில மாதங்களுள் மறைந்தார்.

அம்மையார் கண்மூடியதும், அகுஸ்தீனாரின் இளவயது மைந்தன் வாய்விட்டுக் கதறினான். அனைவரும் அவனை அடக்கினர். உயிர்த்தெழுதலை நம்புவோர் புலம்பி அழுதல் தகாது என்பது அங்கிருந்தோர் எண்ணம். துயரால் அசையாதவனே அறிவுடையோன் என்னும் ஸ்தோயிக்கர் கொள்கையும் அக்காலக் கற்றோர் உள்ளத்தில் ஊறியிருந்தது. நண்பர் எவோதியுஸ் சங்கீதம் ஒன்றை எடுத்துப் பாட, வீட்டார் உடன் பாடினர். அகுஸ்தீனார் கண்ணீரைத் தடுத்துக்கொண்டு, வந்தவர்களுடன் தக்கவாறு உரையாடினார். இவருக்குத் துயரமே இல்லை என்று அவர்கள் கருதினர். அடக்கத்துக்குச் சென்றவர் அழாமலே மீண்டார். நீராடும் மண்டபத்துக்குக் கிரேக்கர் இட்ட பெயர் ‘கவலையை ஓட்டுவது’ எனப் பொருள்படும் என்று கேள்வியுற்று, நீராடியும் பார்த்தார். சொற்பொருளை நம்பிக் குளிக்கச் சென்ற அப்பேரறிஞரின் நிலை இரங்கத்தக்கதே! துயரம் கரையவில்லை.

உண்மையில் அவர் பட்டது இரட்டைத் துன்பம். தாயை இழந்தது ஒன்று. அதற்காக வருந்துகின்றோமே என்ற வருத்தம் மற்றொன்று. மனிதர் எவர் செவிக்கும் எட்டாதவாறு இவற்றை இறைவனிடம் முறையிட்டார், ஆற்றுமாறு வேண்டினார், ஆறவில்லை. உறங்கி விழித்தபோது, அம்புரோசியார் இயற்றிய மாலைத் துதிப்பாடல் நினைவுக்கு வந்தது. பின்னர் தாயின் பரிவும் பொறுமையும் நெஞ்சில் மெல்ல எழ, தனிமையில், இறைவன் திருமுன்னிலையில் தடையின்றி அழுதார். அழுத நேரம் சிறிதே; நெஞ்சு இளைப்பாறியது அதன்பின்னரே.

இவற்றையெல்லாம் நாம் அறிவது அவரது ‘அறிக்கைகள்’ என்னும் நூலால். சுமார் பத்தாண்டுகளின் பின், ஹிப்போ நகர ஆயராய் இருந்தபோது அதனை எழுதினார். அவரது கடந்தகாலத்தைக் கிளறிப் பழிதூற்ற எதிர்ப்பாளர் இருந்த காலம் அது. மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. 13 பகுதிகளைக் கொண்ட அந்நூல் முழுவதும் இறைவனை முன்னிலைப்படுத்திப் பேசுவது. அவர் நாளும் ஓதிய சங்கீதங்களும் இவ்வாறானவையே. துதியோடு முறையீடும், சினமும், கைவிடப்பட்டோமோ என்னும் ஐயமும் அவற்றில் ஒளிவின்றி இறைவனிடம் வைக்கப்படுகின்றன. இலத்தீன் மொழியிலே ‘கொன்பெஸியோ’ என்னும் சொல் குற்றத்தை ஏற்றுரைத்தலையும் இறைவனைப் புகழ்தலையும் ஒருங்கே குறிக்கும். அகுஸ்தீனார் தம் அழுகையை நியாயமென்று வாதாடவில்லை. அது குற்றமாயின், நகையாமல் தமக்காக இறைவனிடம் அழுமாறு படிப்போரைக் கேட்டுக்கொண்டார்.

1945ஆம் ஆண்டு ஒஸ்தியாவில் மண்ணிலிருந்து கல்லொன்றின் துண்டு கிடைத்தது. மோனிக்கா அம்மையாரின் நினைவாகப் பொறிக்கப்பட்ட இலத்தீன் செய்யுளின் ஒரு பகுதி அதில் இருந்தது. செய்யுள் தாயையும் மகனையும் புகழ்கின்றது; கண்ணீரைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ‘அறிக்கைகள்’ நூலின் ஒன்பதாம் பகுதியோ, பெற்றோர் இருவரையும் பலிபீடத்தில் நினைவுகூருமாறு வேண்டி முடிகின்றது. நூல் முழுவதிலும் தாயின் பெயர் வருவது அவ்வோரிடத்திலேயாம்.