உடற்பயிற்சியும் வலியுணர்வும்: ஆய்வு வரலாறு

உடற்பயிற்சி செய்யும்போதும், முடிந்த பின் சிறிது நேரத்திற்கும் வலியுணர்வு குறைவது உடற்பயிற்சிவழி வலித்தணிவு எனப்படுகிறது. ஓட்டம், மிதிவண்டிப் பயிற்சி, எடைப் பயிற்சி, தசையை ஒரே நிலையில் இறுக்கிப் பிடித்தல் ஆகியவற்றில் இது கண்டறியப்பட்டுள்ளது. இதை அறிய இரண்டு அளவுகள் பயன்படுகின்றன. ஒரு தூண்டல் எப்போது வலியாக உணரப்படுகிறது என்பது வலித்தொடக்கம். அந்த வலியை எதுவரை பொறுக்க முடிகிறது என்பது வலிதாங்குதிறன். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

ஓய்வே மருந்தாக இருந்த காலம்

வலித்தால் அசையாமல் இருக்க வேண்டும் என்பது மருத்துவத்தில் நெடுங்காலம் வேரூன்றியிருந்த கருத்து. லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன், ஓய்வின் குணமாக்கும் ஆற்றலைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் 1863இல் நூலாக வெளிவந்தன. அந்நூல் பல தலைமுறை மருத்துவர்களால் படிக்கப்பட்டது. முதுகுவலிக்காரரைப் படுக்கையில் கிடத்தும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் தொடர்ந்தது.

காயத்தின் அளவே வலியின் அளவு என்ற எண்ணம் இரண்டாம் உலகப் போரின்போது ஆட்டம் கண்டது. அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், போர்முனையில் கடுங்காயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் வலிமருந்து கேட்கவில்லை என்பதை 1946இல் பதிவு செய்தார். 1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை வெளியிட்டனர். வலிச் செய்தி மூளையைச் சென்றடையும் முன்பே தண்டுவடத்தில் கூட்டவோ குறைக்கவோ படலாம் என்பது அதன் சாரம்.

உடலுக்குள் ஒரு மார்ஃபின்

1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகியோர் மூளையில் அபின் வகை மருந்துகளுக்கான ஏற்பிகள் இருப்பதைக் காட்டினர். அதே ஆண்டில் வேறு இரு ஆய்வுக்குழுக்களும் இதைத் தனித்தனியே கண்டறிந்தன. ஏற்பி இருந்தால் அதற்குரிய பொருளையும் உடலே சுரக்க வேண்டும் அல்லவா? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் ஆகியோர் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலினைப் பிரித்தெடுத்தனர். இத்தகைய பொருள்களுக்கு என்டார்ஃபின் என்ற பொதுப்பெயர் வந்தது. 'உடலுக்குள் தோன்றும் மார்ஃபின்' என்பதே அதன் பொருள்.

ஓட்டக்காரர்களின் வலியின்மைக்கும் இதுவே காரணம் என்ற கருத்து விரைவில் எழுந்தது. 1981இல் வெளியான ஓர் ஆய்வு, பயிற்சியின்போது பெண்களின் இரத்தத்தில் பீட்டா என்டார்ஃபின் கூடுவதையும், தொடர்பயிற்சிக்குப் பின் அது மேலும் கூடுவதையும் காட்டியது. பத்திரிகைகளும் அக்கருத்தைப் பரப்பின.

எளிய விடையின் குறைகள்

ஆனால் இரத்தத்திலுள்ள பீட்டா என்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. மேலும், நலாக்சோன் என்னும் மருந்து அபின் ஏற்பிகளைத் தடுக்கும். என்டார்ஃபின் மட்டுமே காரணம் என்றால், நலாக்சோன் தந்தவுடன் வலித்தணிவு மறைய வேண்டும். சோதனைகளிலோ சில வேளை குறைந்தது, சில வேளை மாறாமல் இருந்தது. 2008இல் ஜெர்மனியில் 10 ஓட்டக்காரர்களின் மூளையை, இரண்டு மணி நேர ஓட்டத்திற்குப் பின் படமெடுத்தபோது, அங்கே அபின் வகைப் பொருள்கள் வெளிப்பட்டதற்கான சான்று கிடைத்தது. ஆகவே என்டார்ஃபினுக்குப் பங்குண்டு. ஆனால் முழுப்பங்கும் அதற்கில்லை.

இன்னொரு பொருளும் கணக்கில் சேர்ந்தது. கஞ்சாச் செடியின் வேதிப்பொருள் செயல்படும் அதே ஏற்பிகளில் செயல்படும் பொருள் ஒன்றை உடலே ஆக்குவது 1992இல் தெரியவந்தது. 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்து அதற்கு அனந்தமைடு எனப் பெயரிட்டனர். மிதமான ஓட்டத்திலும் மிதிவண்டிப் பயிற்சியிலும் இது இரத்தத்தில் உயர்வதை 2003ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

தொடக்கமும் தாங்குதிறனும்

1981இல் ஸ்காட்லாந்து தேசிய அணி நீச்சல் வீரர்களைப் பிறரோடு ஒப்பிட்ட ஆய்வில், வலித்தொடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வலிதாங்குதிறனோ தேசிய அணியினருக்கே மிகுதி. ஆயினும் பொறுமை மிக்கவர்களே வீரர்களாகிறார்களா, பயிற்சிதான் பொறுமையை வளர்க்கிறதா என்ற ஐயம் எஞ்சியது. 2014இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. 6 வாரம் மிதிவண்டிப் பயிற்சி செய்த சாதாரண மக்களிடம் வலித்தொடக்கம் மாறவில்லை, தாங்குதிறன் உயர்ந்தது. வலி அப்படியே இருக்க, அதைப் பொறுக்கும் ஆற்றல் பயிற்சியால் வளரக்கூடும் என்பதே இதன் பொருள்.

நோயாளிக்கு என்ன பயன்?

1986இல் அமெரிக்காவில் முதுகுவலியுற்ற 203 பேரிடம் நடந்த ஆய்வில், 7 நாள் ஓய்வு பரிந்துரைக்கப்பட்டவர்களைவிட 2 நாள் ஓய்வு பரிந்துரைக்கப்பட்டவர்கள் குறைந்த வேலைநாள்களையே இழந்தனர். 1995இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், வலி பொறுக்குமளவு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். படுக்கையில் கிடந்தவர்கள் மிகத் தாமதமாகவே தேறினர். நீண்ட நாள் படுக்கை நோயாளிக்கு நன்மையல்ல என்பது உறுதியானது.

எனினும் பயிற்சி எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. ஃபைப்ரோமயால்ஜியா என்னும் பரவலான வலிநோய் உள்ளவர்கள் தசையை இறுக்கிப் பிடித்தபோது வலியுணர்வு குறைவதற்குப் பதிலாகக் கூடியதை 1996இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டனர். இத்தகையோர் 'பயிற்சி செய்தால் வலிக்கிறது' என்று சொல்வதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. அவர்களுக்குப் பயிற்சியைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

2016இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், நாள்பட்ட வலிக்கு அபின் வகை மருந்துகளைவிட உடற்பயிற்சி உள்ளிட்ட பிற வழிகளுக்கு முன்னுரிமை தந்தது. ஹில்டனின் நூல் வெளிவந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்த நிலையில், ஓய்வுக்கு இருந்த இடத்தில் அளவறிந்த அசைவு அமர்ந்திருக்கிறது.