நடை சாத்தும் நேரம்

கும்பகோணத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: நண்பகல் தாண்டிப் போனால் கோயில் நடை சாத்தியிருக்கும், இனி நாலு மணிக்குத்தான். அந்த மதிய இடைவெளியை வெறும் சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறோம். காவிரிப் படுகை எப்படித் தூங்கியது என்பதற்கு மிஞ்சியிருக்கும் நல்ல தடயம் அதுதான். பொழுது சாய்ந்ததும் படுத்து, விடியும்வரை ஒரே மூச்சாகத் தூங்கியவர்கள் நம் முன்னோர் என்று இன்று பலர் எழுதுகிறார்கள். இந்த ஊரின் கால அட்டவணை வேறு கதை சொல்கிறது. தூக்கம் இங்கே இரண்டு தவணையாக வந்தது. பெரியது இரவில், சிறியது நண்பகலில்.

கோயில் என்றால் அரசன் வீடு. உள்ளே நடப்பதும் வீட்டு ஒழுங்குதான்: இரவில் அர்த்தசாம பூஜை, பள்ளியறை, விடியுமுன் திருப்பள்ளியெழுச்சி. திருப்பள்ளியெழுச்சி என்ற பெயரிலேயே பாசுரம் பாடிய தொண்டரடிப்பொடியாழ்வார் பிறந்த திருமண்டங்குடி கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர். சாரங்கபாணி கோயிலில் பெருமாளே உத்தான சயனத்தில், எழுந்திருக்கப் போகும் பாவனையில் கிடக்கிறார். சாமியைத் தூங்க வைக்கவும் எழுப்பவும் மனிதர்கள் வேண்டும். மடப்பள்ளிக்காரரும் நாகசுரக்காரரும் பூக்கட்டுகிறவரும் சாமிக்குப் பின் படுத்து, சாமிக்கு முன் எழுந்தார்கள். வயலிலும் இரவு முழுதாகக் கிடைக்கவில்லை. முறைத் தண்ணீர் ராத்திரியில் வந்தால் ராத்திரியில்தான் மடை திறக்க வேண்டும். நெல் ஏற்றிய வண்டிகள் வெயிலுக்குப் பயந்து இரவில் நகர்ந்தன. சிவராத்திரிக்கு நான்கு கால பூஜை, மெலட்டூரில் விடிய விடியப் பாகவத மேளா. இரவில் குறைந்ததை உடம்பு எங்காவது ஈடுகட்ட வேண்டும். அதற்கு இடம் கொடுத்தன திண்ணையும் களத்துமேட்டு மர நிழலும்.

உடம்பின் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்வதாகத் தூக்க ஆய்வாளர் அலெக்சாந்தர் போர்பெலி 1982இல் விளக்கினார். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட ஏறும் தூக்க அழுத்தம் ஒன்று. மூளைக்குள் இருக்கும் நாள் கடிகாரம் மற்றொன்று. மூளையில் சேரும் அடினோசின் அந்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. பிற்பகலில் கடிகாரத்தின் விழிப்பு விசை சற்றுத் தளர்கிறது. சாப்பிடாவிட்டாலும் கண் சொக்கும். கற்றதை நினைவில் பதிப்பதும் உடம்பைச் செப்பனிடுவதும் தூக்கத்தின் வேலை என்பதால், அந்தச் சொக்கலைச் சோம்பல் என்று ஒதுக்க முடியாது.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி பகல் தூக்கத்தை விலக்குகிறதே என்பார்கள். ஊரில் இல்லாத பழக்கத்தை யாரும் விலக்குவதில்லை. தவிர, ஆயுர்வேதம் கோடையில் பகல் தூக்கத்துக்கு இடம் தருகிறது. மின்விளக்குதான் தூக்கத்தைக் கெடுத்தது என்பது இன்னொரு வாதம். தான்சானியா, நமீபியா, பொலிவியா நாடுகளில் மின்சாரமின்றி வாழும் மூன்று சமூகங்களை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வு, அவர்கள் தூங்குவது சராசரியாக 5.7 முதல் 7.1 மணி நேரமே என்றும், பொழுது சாய்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலாகித்தான் கண்ணயர்கிறார்கள் என்றும் காட்டியது. பகல் தூக்கம் அவர்களிடம் அதிகமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் குளிர்காலத்தைவிடக் கோடையில் அது கூடியது. தஞ்சைச் சித்திரை வெயிலுக்கு இது பொருந்தும். மூன்றாவது மறுப்புத்தான் கனமானது: மதியத் தூக்கம் மிராசுதாருக்கு வாய்த்தது, பண்ணையாளுக்கு அல்ல. உண்மைதான். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல். அதுவரை ஓய்வு என்பது பெரும்பாலும் ஆண்டையின் மனசைப் பொறுத்தது. ஆனால் இது தூக்கத்தின் தேவையை மறுக்கவில்லை; அதுவும் நிலத்தைப் போலவே ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டது என்றுதான் காட்டுகிறது.

அந்தப் பகல் தவணையைப் பறித்தது விளக்கைவிடக் கடிகாரம். கும்பகோணத்தில் 1854இல் தொடங்கிய அரசுக் கல்லூரி, நீதிமன்றம், ரயில் எல்லாம் மணிக் கணக்கில் ஓடின. 1906இல் இந்தியத் திட்ட நேரமும் வந்தது. நாழிகைக்கு வளைந்து கொடுத்த நண்பகல் அலுவலக நேரமானது. காலியான இடத்துக்குக் காப்பி வந்தது. இந்த ஊர் பெயர் வாங்கித் தந்த டிகிரி காப்பியில் உள்ள காஃபீன் அடினோசினின் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறது; களைப்பு தெரியாது, களைப்பு போகவும் போகாது. நாலு மணிக்கு நடை திறக்கும்போது சாமி ஓய்வெடுத்து எழுகிறார்; வெளியே வரிசையில் நிற்கும் நாம் காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறோம்.