நூறு வரியிற் பயின்ற கலை

கதை சொல்லும் ஆற்றல் பிறவியில் வருவதென்றும், அதனைக் கற்பிக்கவோ கற்கவோ இயலாதென்றும் கூறுவார் உளர். ருஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் சிறுகதை பயின்ற வரலாறு அக்கூற்றை ஐயுற வைக்கின்றது.

1860ஆம் ஆண்டு தாகன்ரொக் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தவர் அவர். பலசரக்குக் கடை நடத்திய தந்தையார் 1876இல் கடன்காரருக்கஞ்சி மொஸ்கோவுக்கு ஓடினார். மூன்றாண்டு கழித்து மகனும் அங்குச் சென்று மருத்துவம் பயிலத் தொடங்கினார். வீட்டில் வறுமை, உண்ண வேண்டிய வாய்களோ பல. ஆகவே நகைச்சுவை ஏடுகளுக்குப் புனைபெயரில் எழுதலானார். பேரிலக்கியம் படைக்கும் எண்ணம் அன்று அவருக்கு இருந்ததெனக் கூறுவதற்கில்லை, கூலியே நோக்கம்.

1882 முதல் அவர் எழுதிவந்த 'ஒஸ்கோல்கி' என்னும் வார ஏட்டின் ஆசிரியர் லெய்க்கின், கதையொன்றுக்கு நூறு வரியளவே இடம் ஒதுக்குவார். கூலி வரிக்கு எட்டுக் கொப்பெக். வரியெண்ணிக் காசு பெறுபவன் வரியை வளர்க்கவே விரும்புவான். இங்கோ வளர்ந்தால் வெட்டு விழும்! இந்த எல்லையைச் செக்கோவ் நொந்துகொண்டதுமுண்டு. எனினும் நீண்ட முகவுரையை நீக்கவும், ஒருவனது பேச்சினாலேயே அவனை இனங்காட்டவும், சொல்லாமல் விடவேண்டியது எதுவென அறியவும் அவருக்குப் பள்ளிக்கூடமாய் அமைந்தது அவ்வேடுதான்.

1886 மார்ச்சில் முதுபெரும் நாவலாசிரியர் கிறிகொரோவிச்சிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'வேட்டைக்காரன்' என்ற கதையைப் படித்து வியந்த அவர், பெருந்திறமையை அவசர எழுத்தில் விரயமாக்க வேண்டாமென இளைஞரை வேண்டியிருந்தார். எந்தக் கதைக்கும் ஒருநாளுக்கு மேற் செலவிட்ட நினைவு தமக்கில்லையென்றும், அவர் பாராட்டிய கதையையே குளிக்கும் கொட்டகையிலிருந்து எழுதியதாகவும் செக்கோவ் மறுமொழியில் ஒப்புக்கொண்டார். இகழ்ந்த பெரியோரினும், புகழ்ந்து கண்டித்த இப்பெரியவரே அவரை அதிகம் உலுக்கினார் போலும்.

அதே ஆண்டு மே மாதத்தில், தாமும் எழுத முயன்ற தமையனார் அலெக்சாந்தருக்கு அவர் வரைந்த கடிதத்திற் பயிற்சியின் பயனைக் காணலாம். நிலவொளியை வருணிக்கப் பல அடைகளை அடுக்க வேண்டியதில்லை. உடைந்த போத்தற் கண்ணாடித் துண்டொன்று ஆலையணையின் மீது மின்னுவதையும், நாயின் நிழலுருவம் உருண்டோடுவதையும் காட்டினாற் போதும் என்பது அவர் கருத்து. நூறு வரிக்குள் இரவு முழுவதையும் அடக்க நேர்ந்தவருக்கன்றி இச்சிக்கனம் எளிதில் வாய்க்குமா?

1888இல் ருஷ்யக் கல்விக் கழகம் புஷ்கின் பரிசிற் பாதியாகிய ஐந்நூறு ரூபிளை அவருக்கு வழங்கியது.

1890இற் கைதிகளின் தீவாகிய சகலினுக்குச் சென்று, கடல்வழியே மீண்டபோது செக்கோவ் கொழும்பில் இறங்கினார். புகைவண்டியிற் கண்டிக்கும் போய்வந்தார். இலங்கையைச் சுவர்க்கமென்றே அவர் வருணித்தார். ஆனால் இங்கே அவருள்ளத்தில் உருவான கதையோ தென்னையையும் கடற்கரையையும் பற்றியதன்று. சிங்கப்பூரை நோக்கி வருகையில், இறந்த இருவரின் உடல்கள் கப்பலிலிருந்து கடலில் இடப்பட்டதை அவர் கண்டிருந்தார். 'கூசெவ்' என்ற கதையில், ஊர் திரும்பும் நோயாளிப் படைவீரன் கப்பலிலேயே இறக்கின்றான், அவனுடல் நீரில் ஆழ்கின்றது, சுறாவொன்று அணுகுகின்றது, மேலே வானம் பலநிறங் காட்டுகின்றது. ஆசிரியர் இரங்கி ஒரு சொல்லும் உரைப்பதில்லை.

அக்கதை டிசம்பரில் அச்சேறும் வேளையில், அது இலங்கையிற் கருக்கொண்டதாகையால் இறுதியில் 'கொழும்பு, நவம்பர் 12' எனக் குறிக்கலாமென்று பதிப்பாளர் சுவோரினுக்கு அவர் எழுதியனுப்பினார்.