முற்பட்ட காலம்

‘ப்ரீஹிஸ்டாரிக்’ என்ற ஆங்கிலச் சொல்லை டேனியல் வில்சன் 1851இல் ஸ்காட்லாந்து பற்றிய தம் நூலின் தலைப்பிலேயே வைத்தார். 1865இல் ஜான் லப்பக்கின் நூல் அதைப் பரப்பியது. சொல்லுக்கு அளவுகோல் ஒன்றுதான்: எழுத்து. எனவே அது குறிக்கும் காலத்துக்கு எல்லா இடத்துக்கும் பொதுவான முடிவு கிடையாது. எகிப்தில் ஏறக்குறைய கி.மு. 3000இல் முடிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 1788இல், ஆங்கிலேயர் குடியேற வந்த ஆண்டில், முடிந்ததாகக் கொள்வது வழக்கம். 50,000 ஆண்டுகளாவது அங்கே வாழ்ந்தவர்களுக்கு, வேறு யாரோ வந்து எழுதத் தொடங்கிய நாள்தான் வரலாற்றின் முதல் நாள். சிந்துவெளி இன்னும் சங்கடம். அங்கே எழுத்து இருக்கிறது, நமக்குப் படிக்க வரவில்லை. நம் இயலாமையை அவர்கள் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

தமிழில் இதை ‘வரலாற்றுக்கு முற்பட்ட காலம்’ என்று அப்படியே பெயர்த்துக்கொண்டோம். வரல், ஆறு: வந்த வழி. இதில் எழுத்து எங்கே இருக்கிறது? வந்த வழிக்கும் முற்பட்டது என்றால், வராமலே இருந்தார்களா? ‘தொல்பழங்காலம்’ தேவலை. தொல்லும் பழமும் ஒரே பொருள்தான். இரண்டு முறை சொன்னால் தூரம் கூடும் என்று நினைத்தார்கள் போலும். ஆனாலும் அது யாரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை.

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்திலும், பிறகு அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்தின் அடிமண்ணில் கிடைத்தவை 10 லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று 2011இல் தெரியவந்தது. அதற்கு மேலடுக்கில், சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன், பெரிய கைக்கோடரிகள் குறைந்து சிறு செதில்களில் செய்த கருவிகள் வருகின்றன. கை மாறியிருக்கிறது; அல்லது ஒரு கை இன்னொரு கைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.