கெட்டிக்கார ஹான்சும் உளவியல் ஆய்வுமுறையும்

கெட்டிக்கார ஹான்ஸ் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் புகழ்பெற்றிருந்த குதிரை. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். அதைப் பழக்கியவர் வில்ஹெல்ம் ஃபொன் ஓஸ்டன் என்ற ஆசிரியர். காட்சிக்குக் கட்டணம் வாங்கியதில்லை. 1904இல் உளவியலாளர் கார்ல் ஸ்டும்ப் தலைமையிலான குழு ஆராய்ந்து, ஏமாற்று எதுவுமில்லை என்றது. அது உண்மைதான். ஆனால் ஸ்டும்பின் மாணவர் ஓஸ்கார் ஃபுங்ஸ்ட் சோதனையை மாற்றியமைத்தார். விடை தெரியாதவரைக் கேள்வி கேட்க வைத்தார். கேட்பவர் குதிரைக்குத் தெரியாதபடி மறைத்தார். ஹான்ஸ் தடுமாறியது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரை அறியாமலே நூலளவு அசையும். அதைக் கண்டே குதிரை தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. இதைக் கண்டறிந்த ஃபுங்ஸ்டாலேயே தம் அசைவை முழுதும் அடக்க முடியவில்லை என்பதுதான் வியப்பு. ஆய்வாளரின் எதிர்பார்ப்பு மனிதரிடம் நடத்தும் சோதனைகளிலும் இப்படியே கசியும். எந்தக் குழுவுக்கு என்ன தரப்பட்டது என்பதைச் சோதிப்பவரிடமும் மறைத்துவைக்கும் வழக்கம் இதனாலேயே தேவைப்படுகிறது.