கம்பியச்சும் அலுமினியமும்: பாரிசு, 1855

அலுமினியத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதுங்கால் அதனைப் பிரித்தெடுத்த வேதியியலாரோடு நின்றுவிடுவதே பெருவழக்கு. 1827இல் வோலர், 1854இல் பாரிசின் எக்கோல் நோர்மாலில் சேந்த் கிளேர் தெவில், 1886இல் எரூவும் ஆலும் என அவ்வரலாறு செல்லும். கட்டியாய்க் கிடைத்த உலோகத்தைக் கோலாகவும் கம்பியாகவும் ஆக்கிய கைவினைஞர் அதில் இடம்பெறுவதில்லை. அவர்களுள் ஒருவரைப் பற்றிய செய்தியை இக்கட்டுரை முன்வைக்கிறது.

தெவில் அலுமினியம் பற்றித் தாம் எழுதி 1859இல் வெளியிட்ட நூலில் கம்பியிழுப்புக்கும் சில வரிகள் ஒதுக்கியுள்ளார். 1855இல், அலுமினியம் வெள்ளியினும் விலைமிக்கதாய் இருந்த காலத்தில், வான்ழுவா என்பவர் தூய்மை குன்றிய உலோகத்திலிருந்தே மிக நுண்ணிய இழைகளை இழுத்தார். அவ்விழைகள் ஆடைகளின் அலங்காரப் பின்னலுக்குப் பயன்பட்டன. நம் சரிகைத் தொழிலுக்கு ஒப்பானது அது. ஆயின் அச்சின் வழியே இழுக்குந்தோறும் இழை இறுகி, ஒடியும் நிலையை எய்தியது. அதனைக் காய்ச்சி ஆறவைத்தே மீள இளக்க இயலும். உலையில் இட்டாலோ அத்துணை மெல்லிய இழை உருகிவிடும். அலுமினியத்தின் உருகுநிலை 660 பாகை செல்சியசு மட்டுமே. ஆர்கண்டு விளக்கின் சிமினிக்கு மேல் எழும் வெங்காற்றே அதற்குப் போதுமானதாயிற்று. வேதியியலாரின் ஆய்வுக்கூடத்தைவிட அந்த விளக்கே இக்கட்டுரையாளரை வியக்கவைப்பது.

இன்றைய ஆலைகளிலும் அடிப்படை இதுவே. சூட்டில் உருட்டியோ பிதுக்கியோ பெற்ற கோலின் முனையைக் கூராக்கி, மசகிட்டு, அதனினும் குறுகிய துளையுள்ள அச்சின் வழியே இழுப்பர். பருங்கோலை நேராக இழுப்பர். கம்பியை உருளையில் சுற்றி இழுப்பர். உலையில் சூடேற்றாமல் இழுப்பதாலேயே இது குளிர்நிலை இழுப்பு எனப்படுகிறது. உராய்வாலும் உருமாற்றத்தாலும் உலோகம் ஓரளவு சூடேறவே செய்யும். கன அளவு மாறாது. எனவே 9.5 மில்லிமீட்டர் கோலை 4.75 மில்லிமீட்டராக்கினால் நீளம் நான்கு மடங்காகும். வலிமை கூடும், வளையும் தன்மை குறையும்.

வான்ழுவாவுக்கு இடையூறாய் இருந்த அவ்விறுக்கம் இருபதாம் நூற்றாண்டில் தேடிப் பெறும் பண்பாயிற்று. இரு கோபுரங்களுக்கிடையே தொங்கும் மின்கம்பி தன் எடையைத் தானே தாங்கவேண்டும். பிரான்சின் மின்தொடர்களில் பெருவழக்காய் உள்ள அல்மெலெக் என்பது சிறிதளவு மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த அலுமினியக் கலவை. அதனைச் சூடேற்றி, நீரில் தோய்த்து, குளிர்நிலையில் இழுத்து, பின் மிதமான சூட்டில் வைத்து வலுவேற்றுவர். 1855இல் இறுக்கத்தைப் போக்கக் காட்டிய வெப்பம் இங்கு வலிமையைக் கூட்டப் பயன்படுகிறது.

இவற்றைத் தமிழில் கூறப் புதுச்சொல் தேடவேண்டுவதில்லை. இழுப்பச்சைப் பிரெஞ்சில் 'ஃபிலியேர்' என்பர். பள்ளியில் மாணவர் தெரிவுசெய்யும் பாடப்பிரிவுக்கும் அச்சொல்லே வழங்குகிறது. பொண்டியில் வளரும் நம் பிள்ளைகள் அச்சொல்லை அப்பொருளில் மட்டுமே அறிவர். அங்கிருந்து தொடருந்தில் சிறிது தொலைவிலுள்ள லாச்சப்பலின் நகைக்கடைகளில் அவர்கள் காணும் பொற்சங்கிலிகளின் கண்ணிகளோ இழுத்த கம்பியால் ஆனவை. அக்கம்பியை இழுக்கும் துளைத்தகட்டைப் பொற்கொல்லர் கம்பியச்சு என்பர்.