நோர்ட்டனும் அதனைத் திருத்தியோரும்

மோட்டார் சைக்கிள் பந்தய வரலாற்றை எழுதுவோர் ஓட்டியவர் பெயரைப் பொன்னெழுத்திற் பொறிப்பர். இயந்திரத்தைத் திருத்திக் கொடுத்தவர் பெயரோ பெரும்பாலும் மறைந்தே போகின்றது. 1950களின் இங்கிலாந்தில் இந்த அலட்சியம் செல்லுபடியாகவில்லை. நோர்ட்டன் தொழிற்சாலை 1954ஆம் ஆண்டோடு தனது விசேட பந்தய வண்டிகளைக் கைவிட்டது. எஞ்சியது, எவரும் விலைகொடுத்து வாங்கக்கூடிய 'மான்க்ஸ்' என்னும் ஒற்றைச் சிலிண்டர் வண்டியே. எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே வண்டி இருந்தமையால், அதனை எவர் கையில் ஒப்படைப்பது என்பதே சொந்தச் செலவில் ஓடியவர்களின் பிழைப்பைத் தீர்மானிக்கும் வினாவாயிற்று.

பிரான்சிஸ் பியட் எடைக் குறைப்பில் வல்லவர். தேவையற்ற ஒவ்வோர் அவுன்சையும் கழித்தெறிந்தவர். ஸ்டீவ் லான்ஸ்பீல்ட் திருத்திய நோர்ட்டனில், 1960இல், டெரெக் மின்டர் மான் தீவுச் சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் முடித்தார். ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு அது முதற்றடவை. பில் லேசியோ 1928இலேயே புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் ஒரு மணித்தியாலத்தில் 100 மைலைக் கடந்தவர். வேகத்தினும் ஓயாது ஓடும் உறுதியே அரிது என்பதை இத்தகையோர் அனுபவத்தால் அறிந்திருப்பர் என்றே கருதவேண்டியுள்ளது.

1961இல் மைக் ஹெயில்வூட் தமது நோர்ட்டனை லேசியிடம் ஒப்படைத்தார். அவ்வாரமே ஜூனியர் போட்டியில் முன்னணியிற் சென்ற அவரது ஏ.ஜே.எஸ். வண்டியில், பிஸ்டனைத் தாங்கும் ஊசி இறுதிச் சுற்றில் முறிந்தது, வெற்றி கைநழுவியது. சீனியர் போட்டியிலோ கரி ஹொக்கிங்கின் நான்கு சிலிண்டர் எம்.வீ. அகுஸ்டாவே பழுதுற்று விலகிற்று. லேசியின் நோர்ட்டன் 6 சுற்றுக்களையும், ஏறத்தாழ 226 மைலையும், சராசரி 100.60 மைல் வேகத்தில் ஓடி முடித்தது.

அவ்வாண்டு முடியுமுன்னரே ஹெயில்வூட் எம்.வீ. அகுஸ்டா அணியிற் சேர்ந்தார். திருத்துநரைத் தேடும் தேவை அவருக்கு அத்துடன் நீங்கியது. ஏனையோர் பியட்டின் வாசலிலும் லான்ஸ்பீல்டின் வாசலிலும் தொடர்ந்து காத்திருந்தனர்.